தையலுக்கு விட்ட ஓரம்

பட்டனக்கா தைத்த பட்டன் கழன்றதாக இன்றுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. சட்டை கிழியும், காலர் நைந்துபோகும், பாக்கெட் பிய்ந்து நாக்குப்போல் தொங்கும். பட்டன் மட்டும் வைத்த இடத்தை விட்டு அசையாது. ஒருமுறை யாரோ ஒரு காவலாளியின் கோட்டு அடுப்பில் விழுந்து எரிந்து, ரிப்பேருக்கு வந்தது. மிச்சமிருந்தது ஒரு கையும் முன்பக்கத்தில் ஒரு முழமும்தான். அந்த ஒரு முழத்தில் மூன்று பட்டன்களும் சிப்பாய்போல் நின்றன. பட்டனக்கா அதை ஒவ்வொரு மெஷினாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்தத் தையல் பட்டறை. பன்னிரண்டு மெஷின்கள். ஆஸ்பத்திரிக் கோட்டு, பள்ளிக்கூடச் சட்டை, காவலாளி உடுப்பு, எல்லாம் சீருடைதான். ஜன்னலோரம் இருக்கும் மெஷின் அவளுடையது. அவள் சீட்டைச் சுற்றி டப்பா டப்பாவாகப் பட்டன்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே ஜன்னல், அதே வேலை. அலுக்கவில்லையா என்று யாராவது கேட்டால், "உனக்குச் சட்டைய மூட அலுக்குதா?" என்று திருப்பிக் கேட்பாள்.

இதில் ஒரே கோளாறு, தொழில் அவள் கண்ணில் ஏறிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் உட்கார இடம் பார்ப்பார்கள். இவள் எதிரே நிற்பவர்களின் பட்டன்களைப் பார்ப்பாள். நூல் தளர்ந்து ஒன்று தொங்கினால் போதும், கைப்பையிலிருந்து ஊசி வெளியே வந்துவிடும். "அசையாதீங்க, குத்திரும்." இரண்டு நிறுத்தத்துக்குள் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து முடித்துவிடுவாள். ஒருவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல், "என் ஸ்டாப்பு போயிருச்சும்மா" என்று அலறினார். "ஸ்டாப்பு திரும்பப் போனா கெடைக்கும். பட்டன் விழுந்தா கெடைக்குமா?" என்றாள் பட்டனக்கா.

வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷமாகிறது. ஒரே மகள். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் முடிந்து, ஏழு ஸ்டாப் தள்ளி ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். நல்ல மாப்பிள்ளை. நல்ல வீடு. பட்டனக்காவுக்கு அதில் ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அவள் அந்த வீட்டுக்குப் போவாள். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம், இருக்க மாட்டான். சம்பந்தியம்மா சாப்பிட்ட கையோடு படுத்தால் நாலு மணிக்குத்தான் கண் திறப்பார். நடுவில் கூரை விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். மகள் ஆபீஸ் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தோடு வந்து அம்மா பக்கத்தில் உட்காருவாள். அதே ஹாலில், எதிர் மூலையில், ஒரு சின்ன மேஜைக்கு முன்னால் சம்பந்தி இருப்பார்.

சம்பந்தி ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் கடைசிப் பெட்டியில் தனியாகவே பயணம் செய்த மனிதர். கொடியையும் விளக்கையும் தவிர வேறு எதன் வழியாகவும் பேசிப் பழக்கமில்லை. இப்போது கொடியும் இல்லை. மேஜைமேல் ஒரு மரப் பலகையை விரித்து, வழவழவென்ற காய்களை அடுக்கி, வலது கையால் ஒரு காய் நகர்த்துவார்; பிறகு இடது கையால் அதற்குப் பதில் நகர்த்துவார். தனக்குத் தானே செஸ்.

பட்டனக்கா உள்ளே நுழைந்தால், "வாங்க" என்பார். எழுந்தால், "போய்ட்டு வாங்க" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பேசியதே இல்லை. மணி பார்ப்பார்.

இதுதான் விஷயம். பட்டனக்கா உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் ஒரு கடிகாரம். சம்பந்தி பலகையிலிருந்து தலையைத் தூக்குவார், அவள் தலைக்கு மேல் பார்ப்பார், மறுபடி குனிந்துகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இன்னுமா போகலை?" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சுட்டிருக்காது. மூன்று முறை பார்த்துவிட்டால் பட்டனக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"என்னம்மா, டிக்கெட்ட இன்னும் கையில புடிச்சிருக்க, அதுக்குள்ள கெளம்புற?" என்பாள் மகள், பலகைக்குத் தொந்தரவு ஆகிவிடாமல் மெல்லிய குரலில்.

"வேலை கெடக்குடி."

"ஞாயித்துக்கெழம என்ன வேலை?"

"பட்டன் தைக்கணும்."

பொய்யில்லை. வீட்டுக்குப் போய், நன்றாக இருக்கும் பட்டன்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதே பட்டன்களை அதே சட்டையில் மறுபடி தைப்பாள். ஒரு வருஷத்தில் அவள் நீலச் சட்டையின் மூன்றாவது பட்டனை மட்டும் பதினாறு தடவை தைத்திருக்கிறாள். கேட்டால் நூல் பழசு என்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகள் வீட்டு ஹாலில், யாரும் மணி பார்க்காமல், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கிடந்தால் போதும். இதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்? மகளிடம் சொன்னால் மாமனாரிடம் கோபித்துக்கொள்வாள். சம்பந்தியிடம் சொல்லலாமென்றால், அவரிடம் பேசுவதும் நிலைக்கண்ணாடியிடம் பேசுவதும் ஒன்று. கண்ணாடியிலாவது பதிலுக்கு வாய் அசையும்.

ஒரு ஞாயிறு, கரண்ட் மீட்டர் பார்க்கிற ஆள் வந்தான். போகிற போக்கில் பலகையை எட்டிப் பார்த்து, "சார், குதிரை மாட்டிக்கிச்சே" என்றான்.

சம்பந்தி நிமிர்ந்தார். "எங்க மாட்டிச்சு? இங்க ஒரு வழி இருக்கு பாருங்க. மந்திரிய நகத்துனா தப்பிக்கலாம்ல?"

பட்டனக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷனுக்குப் பேச்சு வருமா! மீட்டர்காரன் கால் மணி நேரம் நின்றான். சம்பந்தி ஒரே ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தவனுக்கு நாற்காலிகூட இழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எதிரே ஒரு ஆளுக்கு இரண்டு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டனக்கா கவனிக்கவேயில்லை. அவ்வளவு யோசனை.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு வேளை. கட்டிங் மேஜையின் ஒரு ஓரத்தில் மாஸ்டரும் இஸ்திரித் தம்பியும் வழக்கம்போல் ஆட ஆரம்பித்தார்கள். மாஸ்டர் என்றால் துணி வெட்டுகிற மாஸ்டர். பட்டறையில் கத்தரிக்கோல் அவர் கையில்தான், அதனால் கடைசி வார்த்தையும் அவருடையதுதான். இஸ்திரித் தம்பி பெயருக்குத்தான் தம்பி, நாற்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இவர்கள் ஆடுவதும் செஸ்தான். ஆனால் பலகை கிடையாது, காயும் கிடையாது. கட்டம் போட்ட ஒரு துணி, அதன்மேல் பட்டன்கள். அந்தப் பட்டன்களை ஏழெட்டு வருஷமாக டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளே பட்டனக்காதான். என்ன ஆட்டம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

இஸ்திரித் தம்பி வாயில் வைத்த கவளத்தோடு நின்றார். "எதை?"

"இதைத்தான்."

"அக்கா, இது மூளைக்கு வேலை. ஊசிக்கு வேலை இல்ல."

"அப்ப நீ எப்படி ஆடுற?"

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் ஒரு யானை உருண்டு கீழே விழுந்தது. பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

கோட்டுப் பட்டன், பெரியது, நாலு ஓட்டை வைத்தது: அதுதான் ராஜா. துணி போர்த்திய பட்டன் ராணி. தடியான மரப் பட்டன் யானை. அழுத்தினால் டக்கென்று மூடுமே, அந்தப் பிரஸ் பட்டன் மந்திரி. கால்சட்டை இடுப்பில் வைக்கிற கொக்கி குதிரை, ஏனென்றால் அதுதான் வளைந்திருக்கிறது. சட்டைப் பட்டன்கள் எட்டும் சிப்பாய்கள். ஒரு படைக்கு வெள்ளை நூல் கோத்திருக்கும், இன்னொரு படைக்குக் கறுப்பு நூல்.

"யானை நேராப் போகும், ஓட்டுத் தையல் மாதிரி. எவ்வளவு தூரம் வேணா போகலாம், குறுக்க யாரும் நிக்காத வரைக்கும்" என்றார் மாஸ்டர். "மந்திரி மூலைவாட்டுல போவாரு. குதிரை, ரெண்டு கட்டம் நேரா, ஒரு கட்டம் திருப்பு. காலர் முனை திருப்புறோம்ல, அப்படி. வழியில ஆள் நின்னா தாண்டிரும்."

"ராணி?"

"ராணி எல்லாப் பக்கமும் போவா. இந்தப் பட்டறைல நான் எப்படி, அப்படி."

"ராஜா?"

"அது நம்ம முதலாளி மாதிரிக்கா" என்றார் இஸ்திரித் தம்பி. "ஒரு நேரத்துல ஒரு அடிதான் நகருவாரு. வேலை ஒண்ணும் பெருசா செய்ய மாட்டாரு. ஆனா அவரு மாட்டுனா கடையச் சாத்திட வேண்டியதுதான்."

"சிப்பாய்?"

"நாமதான்" என்றார் மாஸ்டர். "முன்னாடி மட்டும் போவோம், ஒவ்வொரு அடியா. முதல் தடவை மட்டும் ரெண்டு அடி வைக்கலாம். நேர எதிர்ல ஆள் நின்னா நகர முடியாது. மூலைல நின்னா வெட்டலாம். எவன் கையிலயும் சாகாம அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேந்துட்டா, நம்மளையே ராணியாக்கிருவாங்க."

பட்டனக்கா எட்டுச் சட்டைப் பட்டன்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சேருமா?"

"அபூர்வம்" என்றார் மாஸ்டர். "ஆனா சேரும்."

ராஜாவைக் குறிவைத்தால் 'செக்' என்று சொல்ல வேண்டும். ராஜா தப்பிக்க வேண்டும், அல்லது நடுவில் யாரையாவது நிறுத்த வேண்டும், அல்லது குறிவைத்தவனை வெட்ட வேண்டும். மூன்றுக்கும் வழியில்லையென்றால் மேட். ஆட்டம் முடிந்தது.

"ஆனா ஒண்ணு இருக்கு" என்று மாஸ்டர் துணியின் விளிம்பைத் தட்டினார். "ஓரம்."

செஸ்ஸுக்குக் கட்டம் இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ஆனால் மாஸ்டர் ஆயுளில் எந்தத் துணியையும் சரி அளவில் வெட்டியவரில்லை. நாலு பக்கமும் தையலுக்கு விட்டுத்தான் வெட்டுவார். ஆகவே நாலு பக்கமும் ஒவ்வொரு கட்டம் அதிகமாக விட்டு, பத்துக்குப் பத்தாக வெட்டியிருந்தார். நாளைக்கு ஓரம் மடித்துத் தைத்துவிடலாம் என்று எடுத்து வைத்தார். பன்னிரண்டு மெஷின் ஓடுகிற பட்டறையில் அந்த நாளை இன்னும் வரவில்லை. துணி வெட்டிய முதல் வாரமே, மாட்டிக்கொண்ட ராஜாவை இஸ்திரித் தம்பி அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "துணி இருக்குல்ல? அப்ப இடமும் இருக்கு" என்று சாதித்திருக்கிறார். ஒரு பகல் முழுக்க வாக்குவாதம். கடைசியில் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்.

"ஓரம் எதுக்கு விடுறோம்? தப்பு நடந்தா பிரிச்சுத் தைக்க. அதனால மாட்டுன ராஜா ஓரத்துக்குப் போகலாம். ஒரு ஆட்டத்துல ஒரே ஒரு தடவை. அங்க இருக்கறப்ப யாரும் அவரத் தொடக் கூடாது. அடுத்த முறை உள்ள வந்தே தீரணும். வர எடமில்லைன்னா தோத்தாச்சு."

பட்டனக்கா தலையாட்டினாள். அவளுக்கு அந்த ஆட்டத்திலேயே மிக நியாயமாகப் பட்ட விதி அதுதான்.

மூன்று மாதம் ஆடினாள். முதல் மாதம் தினமும் தோற்றாள். இரண்டாவது மாதமும் தோற்றாள், ஆனால் மெதுவாக. "அக்கா, ராணியச் சும்மா குடுக்கறீங்களே, என்ன, ஒரு ராணி வாங்கினா ஒரு ராணி இலவசமா?" என்று இஸ்திரித் தம்பி கிண்டலடிப்பார். மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை, மாட்டிய ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய், அடுத்த முறை உள்ளே வந்த வேகத்தில் இஸ்திரித் தம்பியின் யானையைத் தூக்கி, பத்து நிமிஷத்தில் அவரை மேட் ஆக்கினாள். இஸ்திரித் தம்பி அன்று மதியம் ஒரு ஆஸ்பத்திரிக் கோட்டின் கையில் மடிப்பைத் தப்பாக வைத்து இஸ்திரி போட்டார்.

அந்த ஞாயிறு. இரண்டு மணி. "வாங்க" என்றார் சம்பந்தி. பட்டனக்கா தன் வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. நேரே மேஜைக்குப் போனாள்.

"ஒரு ஆட்டம் போடலாமா, சம்பந்தி?"

மகள் கையிலிருந்த புத்தகம் நழுவியது. சம்பந்தி பட்டனக்காவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். காய்களையெல்லாம் வழித்து, முதலிலிருந்து அடுக்கி, வெள்ளைப் படையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பட்டனக்கா குனிந்து பார்த்தாள். வழவழவென்ற காய்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி செதுக்கியது. மனசுக்குள் அவற்றுக்குப் பட்டன் தைத்துக்கொண்டாள். இது கொக்கி. இது பிரஸ் பட்டன். இது மரப் பட்டன், நேராகப் போகும். உதடு முணுமுணுத்துவிட்டது போலிருக்கிறது, சம்பந்தி ஒருமுறை நிமிர்ந்து, "பிரஸ் பட்டனா?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. மந்திரியச் சொன்னேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

பட்டனக்கா மோசமாக ஆடவில்லை. ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு மந்திரியை வாங்கினாள். ராணிக்கு ராணி வெட்டுப்பட்டது. அவள் தன் ராஜாவை மூலைப் பக்கம் பத்திரமாக ஒதுக்கி, முன்னால் மூன்று சிப்பாய்களைச் சட்டைப் பட்டன்போல் வரிசையாக நிறுத்தியிருந்தாள். நல்ல பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி யானையை எடுத்தார். ஒரே இழுப்பாக, நடுவில் எந்தத் தடையும் இல்லாமல், அவளுடைய கடைசி வரிசைக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"செக்" என்றார். பிறகு, கொஞ்சம் வருத்தமாகவே, "மேட்."

முன்னால் தன் சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கிறார்கள். பக்கவாட்டில் யானை. நடுவில் நிறுத்த ஆளில்லை. பட்டனக்கா பதறவில்லை. ராஜாவைத் தூக்கினாள். பின்னால் ஒரு கட்டம் நகர்த்தி, பலகையின் சட்டத்தைத் தாண்டி, மேஜைமேல் வைத்தாள்.

ஹாலில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எங்க போறீங்க?" என்றார் சம்பந்தி.

"ஓரத்துக்கு."

"எந்த ஓரம்?"

"தையலுக்கு விட்ட ஓரங்க. ராஜா ஒரு தடவை போகலாம். அங்க இருக்கறப்ப நீங்க தொடக் கூடாது. அடுத்த தடவை உள்ள வந்துரணும், வரலைன்னா தோத்தாச்சு." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. அவருடைய பலகையைச் சுற்றி முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். எட்டுக் கட்டம். அதற்கப்புறம் மரச்சட்டம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"அம்மா!" மகள் முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டாள். "மானத்த வாங்காதம்மா. பலகைக்கு வெளிய யாராவது ஆடுவாங்களா?"

அப்போது சம்பந்தி சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. முப்பத்தைந்து வருஷம் கடைசிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த சிரிப்பு ஒட்டுமொத்தமாகப் பிரேக் அறுந்து வந்தது. மேஜை ஆடியது, காய்கள் ஆடின. உள்ளே அறைக் கதவு திறந்தது. சம்பந்தியம்மா கலைந்த தலையோடு வந்து நின்று, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

பட்டனக்காவின் முகம் சிவந்துவிட்டது. பையை எடுத்தாள். மூன்று மாதமாகப் படித்தது பட்டறைக்கு மட்டும் செல்லுபடியாகிற ஆட்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. வந்தது வந்துவிட்டோம், இனி எந்த முகத்தோடு வருவது?

"நான் வரேன்" என்றாள்.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

அதுதான் கடைசி நூல். அறுந்துவிட்டது.

"பாருங்க, இப்பகூடப் பாக்கறீங்க!" என்றாள் பட்டனக்கா. "ஒரு வருஷமாப் பாக்கறீங்க. நான் வந்து ஒக்காந்தாப் போதும், என் தலைக்கு மேல மணி பாக்கறது. எனக்குப் புரியாதா? மூணாவது தடவை நீங்க பாத்ததும் நான் எந்திரிச்சுப் போயிடறேன்ல? என் புள்ளையோட ஒரு மணி நேரம் முழுசா நான் ஒக்காந்ததில்ல."

ரயில் நிற்காத ஸ்டேஷனில் கொடியோடு நின்றவர்போல இருந்தது சம்பந்தியின் முகம்.

"அய்யய்யோ" என்றார். "அது உங்களுக்கில்லைங்க. கைக்கு."

"கைக்கா?"

"வலது கைக்கு அஞ்சு நிமிஷம், இடது கைக்கு அஞ்சு நிமிஷம். ஒரு காய் நகத்த அதுக்கு மேல குடுக்கறதில்ல. இடது கை ஏமாத்தும்ங்க, ரொம்ப நேரம் எடுத்துக்கும். அதான் மணி பாக்கறது." பலகையைக் காட்டினார். "இப்ப என் நேரத்தப் பாத்தேன். நீங்க ஓரத்துல வச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. அடுத்தது என் முறை."

மகள் மெல்லப் புத்தகத்தை இறக்கி அம்மாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பட்டன் தைக்கிற வேலை என்னவென்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து வந்து, அம்மா தோளிலிருந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"உக்காருங்க" என்றார் சம்பந்தி. "ராஜா வெளிய நிக்குறாரு. அடுத்த முறை உள்ள வந்தே தீரணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பட்டனக்கா உட்கார்ந்தாள். சம்பந்தி பலகைமேல் குனிந்தார். அவருடைய யானை இவளுடைய கடைசி வரிசை முழுவதையும் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, வேறு ஏதாவது ஒரு சிப்பாயை ஒரு அடி நகர்த்தினால் போதும். இவளுடைய ராஜாவுக்கு உள்ளே வர ஒரு கட்டம்கூடக் கிடையாது. மூன்று மாதம் ஆடிய பட்டனக்காவுக்கே அது தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சம்பந்தி தாடையைத் தடவினார். ஏதோ பெரிய திட்டம் போடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். பிறகு யானையை எடுத்து, வந்த வழியே நாலு கட்டம் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

"உள்ள வாங்க" என்றார்.

பட்டனக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். ராஜாவைத் தூக்கி, மரச்சட்டத்தைத் தாண்டி, உள்ளே வைத்தாள். அடுத்த முறை கவனமாக ஒரு சிப்பாயை முன்னே தள்ளி, மூச்சுவிட வழி பண்ணிக்கொண்டாள். அப்படியும் பதினைந்தாவது நிமிஷம் தோற்றாள். அது நியாயமான தோல்வி. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

"இன்னொண்ணு?" என்றார் சம்பந்தி.

மூன்று ஆட்டம் முடிந்து பார்த்தால் ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்திருந்தது. மகள் பரீட்சைப் புத்தகத்தை அம்மா முதுகுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அம்மா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அம்மாவும் பொண்ணும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பட்டனக்காவுக்கு அது போதும் போதுமென்று இருந்தது.

கிளம்பும்போது சம்பந்தி வாசல்வரை வந்தார். கதவுக்குப் பின்னால் அவருடைய பழைய கார்டு கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்களும் ஒண்ணு பண்ணீங்க, தெரியுமா? வர்றப்பல்லாம் இந்தக் கோட்டையே பாப்பீங்க. ரெண்டாவது பட்டன் தொங்குது. பட்டன் தொங்குற வீட்டுல பொண்ணக் குடுத்துட்டோமேன்னு நெனைக்கறீங்களோன்னு எனக்கு ஒரே கூச்சம். அதான் எதுவும் பேசறதில்ல."

பட்டனக்கா கோட்டருகே போனாள். ஊசி ஏற்கெனவே கையில் இருந்தது. ஒரு வருஷமாக அரித்துக்கொண்டிருந்த அரிப்பு. நின்ற நிலையிலேயே தைத்து, நூலைக் கடித்து, பட்டனை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே கோட்டு போனாலும் இது போகாது" என்றாள்.

மறுநாள் பட்டறையில் கால் வைத்ததும் சண்டைதான். "ஊருல எந்தப் பலகைக்கும் ஓரமே இல்லையாமே! எதுக்குய்யா என் காதுல பூ சுத்துனீங்க?"

இஸ்திரித் தம்பி இஸ்திரிப் பெட்டியின் நீராவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மாஸ்டர் கத்தரிக்கோலைக்கூட நிறுத்தவில்லை.

"ஓரம் விடாமயா வெட்டுறாங்க?" என்றார். "அப்ப அவங்க அளவு தப்பு."

அன்று சாப்பாட்டு வேளையில் ஆட்டம் நடக்கவில்லை. மாஸ்டர் புதிதாக ஒரு கட்டம் போட்ட துணி எடுத்து, பத்துக்குப் பத்தாக, ஒரு நூல் பிசகாமல் வெட்டினார். பட்டனக்கா இரண்டு படைக்கும் பட்டன் பொறுக்கி நூல் கோத்தாள். "ஓரம் மடிச்சுத் தச்சுத் தரட்டுமா?" என்று இஸ்திரித் தம்பி நல்ல பிள்ளையாகக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

இப்போது அந்த ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஆட்டம் மரப் பலகையில், இரண்டாவது ஆட்டம் துணியில். துணியில் சம்பந்தி தடுமாறுகிறார். பிரஸ் பட்டனை யானை என்று நினைத்து நேராக ஓட்டுகிறார். கொக்கியைப் பார்த்தால் குதிரை ஞாபகம் வர அவருக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் ஓரம் மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்சம் மாட்டினால்கூட ராஜாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறார். "சம்பந்தி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான்" என்று பட்டனக்கா மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சம்பந்தியம்மா மூன்று மணிக்கே எழுந்து வந்து, யாருக்கு ஜெயம் என்று தெரியாமலே இரண்டு பக்கமும் மாறி மாறிக் கட்சி கட்டுகிறார்.

"நீ என்னப் பாக்க வர்றியா, எங்க மாமாவப் பாக்க வர்றியா?" என்று மகள் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து கேட்கிறாள்.

"ஒன்னத்தாண்டி" என்கிறாள் பட்டனக்கா, கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்காலிகளையும் மாற்றிப் போட்டாயிற்று. இப்போது கடிகாரம் இருப்பது சம்பந்தியின் தலைக்கு மேலே. அவர் ஒரு கொக்கியை விரலில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரமாகத் திணறிக்கொண்டிருப்பார். பட்டனக்கா நிதானமாகத் தலையைத் தூக்கி மணி பார்ப்பாள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு, சம்பந்தி."